பயனரின் தேவையை எங்கே தேடுவது? நேயர் கேள்விக்கு விளக்கம்

கோவையில் பம்புசெட் ஸ்டார்ட்டர் பெட்டி தயாரிக்கும் நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “என்ன வேண்டும் என்று விவசாயிகளிடம் கேட்டோம். விலை குறைய வேண்டும், மோட்டார் எரியக்கூடாது என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. இதை வைத்து எப்படி வடிவமைப்பது?”

அவர்கள் சொன்னதில் தவறில்லை. கேட்ட இடம்தான் சரியில்லை என்பது என் கருத்து. கடையில் நின்று கேட்டால் கடைக்குரிய பதில்தான் வரும். மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாளில், தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டு, அவருடன் மோட்டார் ரூமுக்கு நடந்து பாருங்கள். ஒரு கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, ஈரமான மறு கையால் பொத்தானைத் தடவித் தேடுகிறவரிடம் அந்த நேரத்திலேயே “ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?” என்று கேட்டால்தான் உண்மையான தேவை வெளிப்படும். பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டையும் பொத்தானில் செருகிய குச்சியையும் கட்டாயம் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாம் வடிவமைக்கத் தவறியதை அவர்கள் தாமே சரிசெய்துகொண்ட இடங்கள் அவை. பழகிப்போன சிரமத்தை யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது பி-17 குண்டுவீச்சு விமானங்களின் விமானிகள் தரையிறங்கிய பிறகு, இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடிப்புத் தகடுகளை (ஃபிளாப்) உள்ளிழுப்பதாக எண்ணிச் சக்கரங்களை மடக்கிவிடுவது உண்டு. விமானியின் பிழை என்றே அது பதிவானது. 1943-ல் இதை ஆராய்ந்த உளவியலாளர் அல்போன்ஸ் சப்பானிஸ், ஒரே மாதிரியான இரண்டு விசைகள் அருகருகே இருந்ததைக் கவனித்து, ஒன்றுக்குச் சக்கர வடிவிலும் மற்றதற்கு ஆப்பு வடிவிலும் பிடி வைக்கச் செய்தார். உங்கள் பெட்டியின் பச்சை, சிவப்புப் பொத்தான்களும் இருட்டில் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன?

பயனர், அவர் செய்யும் வேலை, அதைச் செய்யும் சூழல் ஆகிய மூன்றையும் சேர்த்தே அறிய வேண்டும் என்கிறது, மனிதரை மையமாகக் கொண்ட வடிவமைப்புக்கான ஐஎஸ்ஓ 9241-210 என்ற சர்வதேசத் தரநிலை. பயனர் என்றதும் தோட்டத்து உரிமையாளரை மட்டும் எண்ணிவிடாதீர்கள். பல தோட்டங்களில் மோட்டார் போடுவது வீட்டுப் பெண்களோ பண்ணையாளோதான்.

கண்டதை எழுதும்போது, “பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும்” என்று எழுதினால் அதை யாரும் சோதிக்க முடியாது. “விளக்கில்லாத அறையில், ஈரக் கையால் தொட்டே நிறுத்தும் பொத்தானை இனங்காண வேண்டும்” என்று எழுதினால், மாதிரிப் பெட்டி தயாரானதும் அதே தோட்டத்துக்குக் கொண்டுபோய் அன்றிரவே சோதித்துவிடலாம்.