கேட் ஆக்சுவேட்டர் தானாக நிற்பது எப்படி? கையால் தள்ளினால் ஏன் அசையாது?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: “தென்னந்தோப்பு கேட்டுக்கு 12 வோல்ட் லீனியர் ஆக்சுவேட்டர் மாட்டியிருக்கிறேன். முழுக்கத் திறந்ததும் தானாக நின்றுவிடுகிறது. கண்ட்ரோல் போர்டு இல்லை, வெறும் சுவிட்ச்தான். எப்படி நிற்கிறது? கரண்ட் இல்லாதபோது தள்ளினால் ஏன் அசைய மறுக்கிறது? பேட்டரி 30 மீட்டர் தள்ளி வீட்டில் இருக்கிறது, கேட்டும் மெதுவாகத்தான் போகிறது.”

சரி, அசையாத கதையை முதலில் பார்த்துவிடுவோம். லீனியர் ஆக்சுவேட்டர் என்றால் ஒரு ராடை நேராக நீட்டி, உள்ளே இழுத்து கேட்டைத் திறந்து மூடும் கருவி. அதன் உள்ளே ஒரு சின்ன டிசி மோட்டார், பல்சக்கரங்கள், நீளமான ஒரு ஸ்க்ரூ, அதில் ஒரு நட்டு. நட்டு சுற்றாதபடி குழாய்க்குள் பிடித்து வைத்திருப்பார்கள். அதனால் ஸ்க்ரூ சுற்றச் சுற்ற அது நேராக நகர்ந்துதான் ஆக வேண்டும். வெளியே நீளும் ராடு அந்த நட்டோடு சேர்ந்தது. மோட்டார் நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடுகிறது, பல்சக்கரம் அதை 200 ஆக்குகிறது, ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 3 மில்லிமீட்டர் தள்ளுகிறது என்று வையுங்கள். ராடு நொடிக்கு 10 மில்லிமீட்டர் நகரும். வேகம் போச்சு, பலம் வந்துவிட்டது.

மரையின் சரிவு குறைவு, உராய்வு அதிகம். ஸ்க்ரூ நட்டைத் தள்ளும். நட்டைத் தள்ளி ஸ்க்ரூவைச் சுற்றவைக்க முடியாது. கைப்பிடியை விட்டாலும் கார் ஜாக்கி இறங்காமல் நிற்கிறதே, அதே சங்கதி. இதற்கு விலையும் உண்டு: மோட்டார் கொடுக்கும் சக்தியில் பாதிக்கு மேல் உராய்வில் சூடாகவே போகிறது. விடாமல் ஓட்டக் கூடாது என்பது அதனால்தான். கரண்ட் இல்லாதபோது கேட்டின் நுனியைப் பிடித்து முட்டித் தள்ளாதீர்கள், கீல் பக்கத்தில் அது பல மடங்காக விழும், நட்டின் மரை போய்விடும். ராடு முனையில் உள்ள பின்னைக் கழற்றிவிட்டுத் திறங்கள்.

அப்புறம், தானாக நிற்பது. குழாயின் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு லிமிட் சுவிட்ச், மோட்டாருக்குப் போகும் லைனில் வரிசையாக இருக்கும். நட்டு வந்து அழுத்தியதும் சுவிட்ச் திறந்து கரண்ட் அறுந்துவிடும். அப்படியானால் திரும்பி வருவது எப்படி? ஒவ்வொரு சுவிட்சுக்கும் குறுக்கே ஒரு டயோடு, அதாவது ஒரு திசையில் மட்டும் கரண்ட் விடும் பாகம், போட்டிருக்கிறார்கள். நட்டு வந்த அதே திசையில் மேலும் போக அது கரண்ட் விடாது; பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தால் விடும். நட்டு கொஞ்சம் நகர்ந்ததும் சுவிட்ச் பழையபடி மூடிக்கொள்ளும். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான், இரண்டு டயோடில் வேலை முடிந்தது.

மெதுவாகப் போவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது வயரை. போக வர 60 மீட்டர் செம்பு. 1 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் சுமார் 1 ஓம். 5 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 5 வோல்ட் போய்விடும், மோட்டாருக்கு மிஞ்சுவது 7. கேட் ஓடும்போது ஆக்சுவேட்டர் முனையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 1.3 வோல்ட்தான். வயர் மாற்றுவதை இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன்னால் முடித்துவிடுங்கள், வயர் நுழையும் ஓட்டை கீழ்ப்பக்கம் பார்த்து இருக்கட்டும்.