கல்கத்தாவில் உருக்கிய வெள்ளி

(முன்னாள் மாணவர் சங்க விளையாட்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, இன்னொரு திறப்பு விழாவைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, பொன்னாடை உபயம் செய்த ஜவுளிக்கடை அண்ணாச்சி அவர்களே, வெயிலில் நிற்கும் பிள்ளைகளே, வணக்கம். சாமியானா போட்ட தம்பிகளை யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கும் வணக்கம்.

இன்று மூன்று விஷயம் பேசப்போகிறேன். ஒன்று, கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய ஒரு ரக்பி சங்கம். இரண்டு, அந்த ஆட்டத்தின் விதிகள். மூன்று, ரக்பி மெட்ராசுக்கு வந்த கதை. தலைவர் இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

முதலில் ஒரு சொந்தக் கதை. நான் உடற்பயிற்சி ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், மேலிடத்திலிருந்து பள்ளிக்கு ஒரு மூட்டை வந்தது. நாங்கள் கேட்டது ஆறு கால்பந்து. வந்தது ஐந்து கால்பந்து, ஒரு முட்டை. நிஜமான முட்டை இல்லை ஐயா, முட்டை வடிவத்தில் ஒரு பந்து. பையன்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவன் சொன்னான், "சார், பந்து நெளிஞ்சு போச்சு." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வழியில் லாரியில் நசுங்கியிருக்கும் என்று நினைத்து, சைக்கிள் கடைக்குக் கொடுத்தனுப்பினேன். கடைக்காரர் காற்றடித்தார். பந்து உருண்டையாகவில்லை, நீண்டது. இன்னும் அடித்தார், இன்னும் நீண்டது. "வாத்தியாரே, இதுக்கு மேல அடிச்சா என் உசிருக்கு உத்தரவாதம் இல்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார். பந்தில் குறை என்று எழுதிப் போட்டேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: "பெற்றுக்கொண்டதற்கான ரசீதை உடனே அனுப்பவும்." அப்புறம் பட்டாளத்திலிருந்து விடுமுறையில் வந்த பழைய மாணவன் ஒருவன்தான் அதைக் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தான். "சார், இது ரக்பி பந்து. கையில தூக்கிட்டு ஓடுற ஆட்டம்." அன்று சாயங்காலமே பையன்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கே? இதோ, பின்னால் இருக்கும் இந்த மைதானத்தில்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆடத் தெரியாத நான் பந்து கோணல் என்றேன்.

சரி, கல்கத்தா. 1872, கிறிஸ்துமஸ் நாள். நமக்கு மார்கழி. வங்காளத்தில் ஓடியாட முடிகிற நாட்கள் அவைதான். ஊரை விட்டு வந்த வெள்ளைக்காரர்கள் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர் இருபது பேர். எதிரே ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள் சேர்ந்து இருபது பேர். அப்போது ரக்பிக்கு அணிக்கு இருபது பேர், பதினைந்து ஆனது பிற்பாடு. ஒரே வாரத்தில் மறுபடியும் ஆடினார்கள். அடுத்த மாதம், 1873 ஜனவரியில், கல்கத்தா கால்பந்துச் சங்கம் பிறந்துவிட்டது. பெயர் கால்பந்து, ஆட்டம் ரக்பி. ஆட்டக்காரர்களில் பலர் 'பஃப்ஸ்' என்று அழைக்கப்பட்ட கென்ட் படைப்பிரிவினர். 1874இல் இங்கிலாந்தின் ரக்பி யூனியனிலும் சேர்ந்தார்கள்.

ஒரு வருஷம் கூட்டமான கூட்டம். காரணத்தைப் பிள்ளைகள் முன்னால் சொல்லத் தயக்கமாக இருக்கிறது: உறுப்பினர்களுக்கு மது இலவசம். அதை நிறுத்தியதும் உறுப்பினர் எண்ணிக்கை சரிந்தது. 1876இல் பஃப்ஸ் படை வேறு இடத்துக்குப் போனது. மிச்சம் இருந்தவர்கள், இந்த ஊர் வெயிலுக்கு டென்னிஸும் போலோவும்தான் சரி என்று அந்தப் பக்கம் போனார்கள். கூடம் கோணல் என்ற கதைதான்! ஆனால் வெயிலைப் பற்றி அவர்கள் சொன்னதை நான் முழுக்கத் தப்பு என்று சொல்லமாட்டேன், நாமே இப்போது குடை பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

சங்கத்தைக் கலைக்கும்போது அவர்கள் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. வங்கியில் இருந்த பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. 270 வெள்ளி ரூபாயாக எடுத்தார்கள். ஒரு ரூபாய் ஒரு தோலா, அதாவது பதினொன்றரை கிராமுக்குச் சற்று மேல், ஆக மொத்தம் மூன்று கிலோவுக்கு மேல். உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். சுமார் ஒரு முழ உயரம். கைப்பிடி மூன்று, மூன்றும் படம் எடுத்த நாகங்கள். மூடியின் மேல் அம்பாரியோடு ஒரு யானை. 1878இல் அதை ரக்பி யூனியனுக்குக் கொடுத்துவிட்டு, ஆண்டுதோறும் இதற்காக ஆட வேண்டும் என்றார்கள். 1879 மார்ச் 10, எடின்பரோவில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதற்காக முதன்முதலில் மோதின. சமநிலை. இன்றும் ஆடுகிறார்கள். 1988இல் ஆட்டம் முடிந்த இரவு, அணிக்கு ஒருவராக இரண்டு பேர் எடின்பரோ தெருவில் அந்தக் கோப்பையையே உதைத்து விளையாடிவிட்டார்கள். கோப்பை நெளிந்தது. நிஜமாகவே நெளிந்தது, என் பந்து மாதிரி இல்லை.

விதிகளுக்கு வருகிறேன்... இல்லை, தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். அப்படியானால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

கல்கத்தாக்காரர்களிடம் மைதானம் இருந்தது, ஆள் போய்விட்டது. நம்மிடம் ஆள் நெருக்கித் தள்ளுகிறது. அந்த முட்டைப் பந்து ஓடிய மைதானத்தில் வாகன நிறுத்துமிடமும் கடைகளும் வரப்போவதாகச் சொல்கிறார்கள். நகர்மன்றத் தலைவர் இங்கேயே இருப்பதால் முகத்துக்கு நேராகவே கேட்கிறேன்: இந்தப் பிள்ளைகளுக்கு ஆடத் தெரியும் ஐயா, கூடத்தை ஏன் விற்கிறீர்கள்? அவர் சிரிக்கிறார். அதைச் சம்மதம் என்று குறித்துக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசலில் வேப்பமரத்தடியில் மேசை போட்டு மனு வைத்திருக்கிறோம். பெயர், தெரு, கையெழுத்து, அவ்வளவுதான். பேனா இருப்பவர்கள் எடுத்துக்கொண்டு வாருங்கள், எங்களிடம் இரண்டுதான் இருக்கிறது.