சூரியனின் எக்ஸ் கதிர்ப் படம் ஏன் மங்கல்?

நேயர்களுக்கு வணக்கம். பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். உச்சிவெயிலில் கீழே பாறையும் பாசியும் தெளிவாகத் தெரிகின்றன. பொழுது சாய்ந்தால் அதே தண்ணீர் கண்ணைக் கூச வைக்கிறது. நேராக விழும் ஒளியை உள்ளே விட்டுவிடும் கடல், சாய்ந்து வரும் ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்புகிறது. சூரியனை எக்ஸ் கதிரில் படம் பிடிக்கும் தொலைநோக்கியும் இந்தச் சாய்வை நம்பித்தான் இயங்குகிறது.

எக்ஸ் கதிர் ஆடியில் நேராக விழுந்தால் உள்ளே புகுந்துவிடும். ஒரு டிகிரி அளவுக்கு உரசிச் சென்றால்தான் திரும்பும். ஆகவே இங்கே ஆடி என்பது ஒரு குழாயின் உட்சுவர். 1952இல் ஹான்ஸ் வோல்ட்டர் வகுத்த வடிவம் இது. அவர் அதை யோசித்தது நுண்ணோக்கிக்காக என்பதுதான் வேடிக்கை. காற்றுமண்டலம் எக்ஸ் கதிரை விழுங்கிவிடுவதால் அரிச்சல்முனையில் எத்தனை பெரிய கருவியை நிறுத்தினாலும் பயனில்லை. விண்வெளிக்குத்தான் ஏற்ற வேண்டும்.

2006இல் ஜப்பான் ஏவிய ஹினோடே செயற்கைக்கோளின் எக்ஸ் கதிர்ப் படத்தில் ஒரு புள்ளி ஏறத்தாழ ஒரு கோண விநாடி, அதாவது டிகிரியில் 3600இல் ஒரு பங்கு. சூரியன் மேல் அது சுமார் 725 கி.மீ. சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும்! சூரியனின் மேற்பரப்பு 5500 டிகிரி இருக்க, அதற்கு மேலுள்ள கொரோனா என்ற வெளி வளிமண்டலம் எப்படிப் பத்து லட்சம் டிகிரியைத் தாண்டுகிறது என்ற கேள்விக்கான விடை இதைவிடச் சிறிய இடங்களில் ஒளிந்திருக்கக்கூடும்.

ஆடியைப் பெரிதாக்கினால் தீராதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. தீராது. ஹினோடேயின் 34 செ.மீ. ஆடியே கணக்குப்படி பல நூறு மடங்கு நுட்பமாகக் காட்ட வேண்டியது. தடையாக இருப்பது ஆடியின் பிசகு. பரப்பு அரைக் கோண விநாடி சாய்ந்தாலே கதிர் ஒரு கோண விநாடி விலகிவிடும். ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிருக்கு உரசும் கோணம் இன்னும் குறுகியது. போதிய கதிரைப் பிடிக்க, குழாய் வடிவ ஆடிகளை மெல்லிய ஓடுகளாக ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க வேண்டும். ஃபாக்ஸி என்ற அமெரிக்க ராக்கெட் கருவியில் அவற்றை நிக்கலில் செய்தார்கள். மெருகேற்றிய அச்சின் மேல் மின்முலாம் பூசிப் பிறகு உருவி எடுப்பது முறை. உருவும்போதும் பொருத்தும்போதும் ஓடு இம்மியளவு நெளிந்தாலும் கூர்மை போய்விடும். அதனால்தான் உள்ளிறுக்கம் இல்லாத ஒற்றைப் படிகச் சிலிக்கானில் ஆடி வடிக்கும் முயற்சி நடக்கிறது. எனக்கு அதில்தான் நம்பிக்கை.

நம் ஆதித்யா எல்-1 எக்ஸ் கதிரை அளக்கிறது. ஆனால் சூரியன் முழுவதையும் ஒரே ஒளியாகத்தான் காண்கிறது, எந்த மூலையில் வெடித்தது என்று அந்தக் கருவிகள் சொல்லா. அடுத்த கலம் வரை காத்திருப்பானேன்? இஸ்ரோவின் ரோகிணி 560 ராக்கெட் 400 கி.மீ.க்கு மேல் ஏறி இறங்கும். இங்கேயே ஓர் ஆடியைக் கடைந்து அதில் ஏற்றிப் பார்க்கலாம். மேலே கிடைக்கும் சில நிமிடங்களில் ஆடி தேறியதா என்று தெரிந்துவிடும்.