பாடகர் போனால் போகட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

மெட்டல் இசை என்றவுடன் வானொலியின் ஒலியைக் குறைக்கக் கை நீளும். கொஞ்சம் பொறுங்கள். நான் பேசத்தான் வந்திருக்கிறேன், பாடுவதற்கல்ல. ஸ்வீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரில் 1996இல் உருவான தி ஹான்டட் என்ற த்ராஷ் மெட்டல் குழுவின் கதையைச் சொல்லப்போகிறேன். பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் குழுவின் முதல் ஆல்பத்தைப் பற்றி மட்டுமே ஒரு மணி நேரம் பேசக்கூடியவன் நான். பார்ப்போம்.

த்ராஷ் எப்படி ஒலிக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தையல் இயந்திரத்தை முழு வேகத்தில் மிதித்தால் ஓர் ஓசை வருமல்லவா, தட்தட்தட் என்று, இடைவெளியே இல்லாமல்? கிதாரில் அந்த ஓசைக்குக் காரணம் வலது கை. கிதாரின் கம்பிகள் உடலோடு சேருமிடத்தில் உள்ளங்கையின் ஓரத்தை மெல்லப் பதிக்க வேண்டும். அழுத்தினால் சுரம் செத்துவிடும், கையை எடுத்துவிட்டால் ஒலி வழிந்தோடும். இரண்டுக்கும் நடுவே, கம்பி முழுதாக அதிரவும் முடியாமல், அடங்கவும் முடியாமல் முனகும் ஓர் இடம் உண்டு. அங்கே கையை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாகத் திரும்பத் திரும்ப மீட்ட வேண்டும், மணிக்கட்டு கடுக்கும் வரை. த்ராஷின் அடித்தளம் அவ்வளவுதான். மேலே கத்துகிறவர் யார் என்பதெல்லாம் பிறகு. இதை இன்று இன்னும் சில முறை சொல்வேன், சலித்துக்கொள்ளாதீர்கள்.

இந்த இசை 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், குறிப்பாகக் கலிபோர்னியாவில் வேரூன்றியது. மெட்டாலிகா என்ற குழுவின் முதல் ஆல்பம் 1983இல் வந்தது. ஸ்லேயர் என்ற இன்னொரு த்ராஷ் குழு 1986இல் வெளியிட்ட ஆல்பம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கேட்டு முடித்தவருக்கு மூச்சு திரும்ப அதைவிட அதிக நேரம் பிடிக்கும். 1991இல் மெட்டாலிகா வேகத்தைக் குறைத்தது. அதே ஆண்டில் நிர்வாணா என்ற வேறு பாணி ராக் குழு புகழின் உச்சிக்குப் போனது. அதோடு த்ராஷ் பழைய சரக்காகிவிட்டது. ஸ்வீடனின் இளைஞர்களோ அதற்குள் டெத் மெட்டல் என்ற இன்னும் இருண்ட பாதைக்குத் திரும்பியிருந்தார்கள். அந்தப் பாதையில் கோத்தன்பர்க்கிலிருந்து கிளம்பியவர்களில் ஒரு குழு அட் த கேட்ஸ். அதில் அண்டர்ஸ், யோனாஸ் பியோர்லர் என்ற இரட்டையர். ஒருவர் கிதார், மற்றவர் பேஸ் கிதார். டிரம்ஸ் வாசித்தவர் அட்ரியன் எர்லாண்ட்சன். 1995இல் அவர்கள் வெளியிட்ட ஆல்பம் இன்றும் பல நாட்டு இளைஞர்களுக்குப் பாடப்புத்தகம். ஆனால் அடுத்த ஆண்டே குழு கலைந்துவிட்டது!

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். நேரம் ஓடும் என்று தெரியும், ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. இவ்வளவு சிறிய நாட்டிலிருந்து இவ்வளவு இசைக்குழுக்கள் எப்படி வந்தன என்று பலரும் கேட்பார்கள். நீண்ட குளிர்காலம், இருட்டு, சோகம் என்று யாராவது பதில் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இருட்டு எத்தனையோ நாடுகளில் இருக்கிறது. ஸ்வீடனில் இருந்தது, பிள்ளைகளுக்கு வாத்தியம் கற்றுத்தந்த நகராட்சி இசைப் பள்ளி. அதோடு படிப்பு வட்டம் என்ற ஏற்பாடு. 1902இல் லுண்ட் நகரில் ஆஸ்கர் ஊல்சன் என்பவர் மதுவிலக்கு இயக்கத்துக்குள் தொடங்கியது அது. உழைக்கும் மக்கள் மாலையில் கூடிப் புத்தகம் படித்து விவாதிக்க வேண்டும் என்பது நோக்கம். 1912இல் தொழிலாளர் இயக்கமும் தனக்கென ஒரு கல்விச் சங்கத்தை அமைத்தது. பிற்காலத்தில் இப்படிப்பட்ட சங்கங்களுக்கு அரசு மானியம் கிடைத்தது. நான்கு இளைஞர்கள் கூடி கிதார் பழகுவதும் கல்வியே என்று சங்கங்கள் ஏற்றுக்கொண்டன. பயிற்சிக்கு அறை கொடுத்தன. பதிலுக்கு இளைஞர்கள் செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: வருகைப் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். நரகம், சாவு, சாத்தான் என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, முடியை ஒதுக்கிக்கொண்டு, பேனாவை எடுத்துத் தேதி போட்டுக் கையெழுத்து! மதுவிலக்குக்காரர்கள் போட்ட விதை இப்படி முளைக்கும் என்று ஊல்சன் நினைத்திருப்பாரா? எனக்கு இந்தக் காட்சி அலுப்பதே இல்லை. கலகம் செய்வதற்கும் மின்இணைப்பும் பூட்டுள்ள அறையும் வேண்டும். அக்கம்பக்கத்தார் புகார் செய்யாத இடமாகவும் இருக்க வேண்டும். அதை யாராவது கொடுத்தால்தான் வலது கை பழகும். பார்த்தீர்களா, மீண்டும் வலது கைக்கே வந்துவிட்டேன்.

கதைக்குத் திரும்புவோம். அட் த கேட்ஸ் கலைந்ததும் பாட்ரிக் யென்சென் என்ற கிதார் கலைஞரோடு எர்லாண்ட்சன் சேர்ந்தார், பியோர்லர் சகோதரர்களும் சேர்ந்தார்கள். பாடுவதற்குப் பீட்டர் டோல்விங் வந்தார். த்ராஷ் செத்துவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டிய நேரத்தில் இவர்கள் த்ராஷையே கையில் எடுத்தார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமிலிருந்து இயங்கிய இயரேக் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் 1998இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. குழுவின் பெயரே ஆல்பத்தின் பெயர். முதல் பாட்டிலேயே முன்னுரை எதுவும் கிடையாது, கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வருகிறார்கள்.

வந்த வேகத்தில் டோல்விங் விலகினார். எர்லாண்ட்சனும் இங்கிலாந்தின் கிரேடில் ஆஃப் ஃபில்த் குழுவுக்குப் போனார். முதல் ஆல்பம் வந்த கையோடு பாடகரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. வேறு குழுவாக இருந்தால் கடையை மூடியிருப்பார்கள். இவர்கள் மார்கோ ஆரோவைப் பாட அழைத்தார்கள், டென்மார்க்கிலிருந்து பெர் மோல்லர் யென்செனை டிரம்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். 2000இல் இரண்டாவது ஆல்பம், 2003இல் மூன்றாவது. ஆரோவின் குரல் டோல்விங்கினுடையதைவிடத் தடித்தது. டோல்விங்கிடம் ஒரு பதற்றம் இருக்கும், இவரிடம் இருப்பது பாறை. ஆனால் நீங்கள் பாடகரை மறந்து கிதாரை மட்டும் கேட்டால், ஒரே குழு என்று உடனே தெரிந்துவிடும். பாட்ரிக் யென்செனின் கை அப்படியே இருக்கிறது.

பிறகு ஆரோ விலக, டோல்விங் திரும்பினார். 2004இல் வந்த ஆல்பத்தில் பழைய வெறியும் இருந்தது, பாடும் ஆசையும் இருந்தது. 2006இல் வந்த தி டெட் ஐ நிதானமானது, மன உளைச்சல் நிறைந்தது. ரசிகர்களில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது மிகவும் பிடிக்கும். 2011இல் வந்த அன்ஸீனை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மெல்லிசை வந்தது குற்றமில்லை. அந்த வலது கையை ஓரமாக உட்காரவைத்துவிட்டார்கள், அதுதான் குற்றம். 2012இல் டோல்விங் மீண்டும் போனார். அண்டர்ஸ் பியோர்லரும் டிரம்ஸ் வாசித்த பெர்ரும் விலகினார்கள். மிச்சம் இருவர்: பாட்ரிக் யென்சென், யோனாஸ்.

நிலையத்தார் கண்ணாடிக்குப் பின்னால் விரலைக் காட்டுகிறார்கள். மீதியை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 2013இல் ஆரோ திரும்பினார், எர்லாண்ட்சனும் திரும்பினார். கிதாருக்கு ஊலா எங்லுண்ட் வந்தார். யூடியூபில் கிதார் பற்றிப் பார்ப்பவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். 2014இல் ஓர் ஆல்பம், 2017இல் ஒன்று, நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2025இல் இன்னொன்று. கடைசியாக வந்ததைப் பற்றி விரிவாகப் பேசக் குறிப்பு எழுதி வந்தேன், அது பையிலேயே இருக்கட்டும். அதிலும் கை பழைய இடத்துக்கே வந்திருக்கிறது என்பது மட்டும் சொல்வேன்.

புதிதாகக் கேட்கிறவர்கள் இரண்டாவது ஆல்பத்தில் வரும் பெரி யுவர் டெட் பாட்டிலிருந்து தொடங்குங்கள். ஹெட்போனில் கேளுங்கள், வீட்டில் மற்றவர்களும் வாழ வேண்டும். முதல் தடவை பாடகரைக் கேட்பீர்கள், தவிர்க்க முடியாது. இரண்டாவது தடவை கிதாரைக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.