லிக்னினை மரத்திலேயே இளக்கலாம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மர இழைகளை ஒட்டிவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளை எளிதாகப் பிரித்துக் காகிதம் செய்வதற்காக, மரத்தின் மரபணுவில் கைவைக்கலாமா என்பது கேள்வி. வைக்கலாம், பார்த்துப் பக்குவமாக வைக்கலாம் என்பது எங்கள் அணி.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "லிக்னினைக் குறைத்தால் மரம் நிற்குமா? காற்றில் போகும் மகரந்தத்தை யார் தடுப்பது?" என்று கேட்டார். இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் அந்த லிக்னினை எடுக்க இன்று நாம் படும் பாட்டை அவர் சொல்லவே இல்லையே!

உலர்ந்த மரத்தின் எடையில் 20 முதல் 30 சதவீதம் லிக்னின். காகிதமாகும் செல்லுலோஸ் இழைகளை இறுகப் பிடித்திருக்கும் பசை அது. மரச் சில்லுகளைப் பெரிய கலனில் கொட்டி, காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் சேர்த்து, சுமார் 170 டிகிரி சூட்டில் அவித்தால்தான் பிடி விடுகிறது. அழுகிய முட்டை நாற்றம் ஊரைத் தூக்குகிறது. கரைந்து வரும் கறுப்புத் திரவத்தை எரித்து ஆலைக்கு ஆற்றல் எடுக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் காகிதம் செய்யும் இழைக் கூழில் லிக்னின் மிச்சம் ஒட்டியிருக்கும். அதைப் போக்க அப்புறம் வெளுப்பு, அதற்கு வேறு ரசாயனம்.

சரி, மரம் நிற்குமா? கண்ணை மூடிக்கொண்டு குறைத்தால் குன்றிப்போகும். பெல்ஜியத்திலும் பிரான்சிலும் வயலில் நட்ட, பாப்லர் என்ற வேகமாக வளரும் மரங்கள் சிலவற்றுக்கு அதுதான் நடந்தது. ஆனால் குறைப்பது ஒன்றுதான் வழியா? 2014இல் கனடா, அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு சீன மூலிகையின் மரபணுவைப் பாப்லரில் சேர்த்தார்கள். லிக்னின் சங்கிலியின் நடுநடுவே எளிதில் அறுபடும் கண்ணிகள் வந்தன. மிதமான காரக் கரைசலிலேயே அவை அறுகின்றன. பசுமைக்குடிலில் அந்த மரங்கள் மற்றவற்றைப் போலவே வளர்ந்தன. நடுவர் அவர்களே, இங்கே மரத்தின் பலத்தில் கைவைக்கவில்லை, அவிழ்க்க ஒரு வழி வைத்தார்கள், அவ்வளவுதான்!

குடிலுக்குள் வளர்ந்ததை நம்ப முடியாது என்பீர்கள். பிரான்சிலும் இங்கிலாந்திலும், லிக்னின் மாற்றிய வேறு பாப்லர்களை நான்கு வருடம் திறந்த வெளியில் வளர்த்துப் பார்த்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். வளர்ச்சி குறையவில்லை, பூச்சிகளோடு உறவு மாறவில்லை, ஒரு வகையைக் கூழாக்கக் குறைந்த ரசாயனமே போதுமாக இருந்தது. அந்த இங்கிலாந்து மரங்களைத்தான் 1999இல் எதிர்ப்பாளர்கள் வெட்டிச் சாய்த்தார்கள். சோதிக்கவில்லையே என்றும் சொல்லி, சோதனையையும் அழித்தால் உண்மை எப்படித் தெரியும்?

மகரந்தத்துக்கு வருகிறேன். பூக்கும் மரபணுவை அடக்கினால் பாப்லர் மலடாகிறது, வளர்ச்சியும் கெடுவதில்லை. அமெரிக்காவில் வயலிலேயே இது நிரூபணமானது. ஆனால் பாப்லர் வேர்க்கன்றிலும் ஒடிந்த கிளையிலும்கூடப் பரவும். அதனால் இயற்கைக் காட்டை ஒட்டி நடக்கூடாது, வெட்டிய பிறகும் வருடக்கணக்கில் கண்காணிக்க வேண்டும் என்று கறாரான விதி வேண்டும். எதிரணி அதைக் கேட்டால் நாங்களும் சேர்ந்தே கேட்போம். ஆராய்ச்சியையே நிறுத்தச் சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டோம். தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.