இரும்புக் கடைக்காரர் பிரிக்காமல் விட்ட ரயில் பாதை

வணக்கம். ஒரு ரயில் கம்பெனியை மூடிவிட்டார்கள், அதன் பாதை, எஞ்சின், பெட்டி, பட்டறை எல்லாவற்றையும் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் மொத்தமாக வாங்கிவிட்டார் என்றால் அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். கேஸ் கட்டரோடு ஆட்கள் வந்து இறங்குவார்கள், கொஞ்ச நாளில் தண்டவாளம் லாரி ஏறிவிடும். 1956இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நிலக்கரி வியாபாரம் படுத்து ஈஸ்ட் பிராட் டாப் ரயில்வே நின்றுபோனபோது, அதை வாங்கிய நிக் கோவல்சிக் அப்படிப்பட்ட ஒரு வியாபாரிதான். ஆனால் அவர் பிரிக்கவில்லை. மவுண்ட் யூனியனிலிருந்து ராபர்ட்ஸ்டேல் வரை 33 மைல், 3 அடி அகல நேரோகேஜ் பாதை, அதைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவைத்தார். 1960இல் ஆர்பிசோனியா ஊரின் 200ஆவது ஆண்டு விழா வந்தபோது ஒரு சின்னப் பகுதியைச் சரிசெய்து சுற்றுலா ரயிலும் ஓட்டினார்.

அந்த ஒரு மனிதர் வெட்டாமல் விட்டதால்தான் இன்றைக்கு அங்கே மீட்பதற்கு ஏதோ இருக்கிறது.

கைவிட்ட பாதையை மறுபடி ஓட்டுவது என்றதும் எல்லோருக்கும் நீராவி எஞ்சின்தான் கண்ணில் நிற்கும். எனக்கும் எஞ்சின் பிடிக்கும், பார்த்தால் நகர மனசு வராது. ஆனாலும் முதலில் பார்க்க வேண்டியது நிலம். எஞ்சினை வேறு இடத்திலிருந்து வாங்கலாம், தண்டவாளம் வாங்கலாம், பெட்டி புதிதாகக்கூடக் கட்டலாம். நூறு வருடத்துக்கு முன் எத்தனையோ பண்ணைகளின் குறுக்கே துண்டு துண்டாகச் சேர்த்து உண்டாக்கிய அந்த நீளமான பட்டை நிலத்தை மட்டும் ஒருமுறை கலைத்துவிட்டால் திரும்பச் சேர்க்கவே முடியாது. அமெரிக்காவில் பல பாதைகள் ரயில் கம்பெனிக்குச் சொந்தமே இல்லை, வழி விடும் உரிமை மட்டும்தான் அவர்களிடம் இருந்தது. கம்பெனி சட்டப்படி பாதையைக் கைவிட்டதும் அந்த உரிமை போய், நிலம் பக்கத்துக்காரர் கைக்கு வந்துவிடும். நடுவில் யாரோ ஒருவர் வீடு கட்டினால் போதும், இரண்டு பக்கமும் எத்தனை மைல் நன்றாக இருந்தும் பயன் இல்லை.

1916 வாக்கில் அந்த நாட்டில் சுமார் 2,54,000 மைல் ரயில் பாதை இருந்தது, அப்புறம் அதில் பெரும்பங்கு போய்விட்டது. அப்படிப் போய்க்கொண்டே இருந்ததால்தான் 1983இல் தேசியப் பாதைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். கம்பெனி விலகும்போது அரசோ தொண்டு அமைப்போ பொறுப்பேற்றுக்கொண்டால் வழித்தடம் கைவிடப்பட்டதாகக் கணக்கில் வராது, இப்போதைக்கு நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் வைத்திருக்கலாம், பின்னால் தேவைப்பட்டால் ரயிலுக்கே திருப்பிக் கொடுக்கலாம். இதற்கு ரயில்பேங்கிங் என்று பெயர். நிலக்காரர்கள் வழக்குப் போட்டு அது உச்ச நீதிமன்றம் வரை போனது. 1990இல் சட்டம் செல்லும், இழப்பு இருந்தால் அரசிடம் நஷ்டஈடு கேட்கலாம் என்று தீர்ப்பு வந்தது. எனக்கு இது நியாயமான தீர்ப்பாகத்தான் படுகிறது, ஏனென்றால் அந்த நிலக்காரர்கள் தரப்பிலும் உண்மை இருக்கிறது.

இங்கேதான் ரயில் ரசிகர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் சண்டை வரும். நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலையில் பல வருடம் இழுத்தது, நீதிமன்றம் வரை போனது. கடைசியில் யூட்டிகாவிலிருந்து டப்பர் லேக் வரை ரயில், டப்பர் லேக்கிலிருந்து லேக் பிளாசிட் வரை 34 மைல் தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடைபாதை என்று பிரித்தார்கள். ரயில் பக்கம் நிற்கும் பலருக்கு அது ரொம்ப வலித்தது, எனக்கும்தான். ஆனால் வெட்டு விழுந்தது வால் பக்கத்தில், நடுவில் இல்லை. நிலமும் பொதுக் கையில் இருக்கிறது. நடைபாதை ரயிலுக்கு எதிரி என்று பேசுவதை விட்டுவிட்டால் இரண்டு கூட்டமும் சேர்ந்து காப்பாற்றக்கூடிய பாதைகள் இன்னும் நிறைய இருக்கின்றன.

சரி, நிலம் இருக்கிறது, தண்டவாளமும் கிடக்கிறது. அடுத்தது தண்ணீர். கைவிட்ட பாதையைக் கெடுப்பது துருவைவிட அதிகமாகத் தண்ணீர்தான்: பக்கக் கால்வாய் மண்ணால் மூடிவிடும், சிறுபாலங்களின் வாயில் இலையும் கட்டையும் அடைத்துக்கொள்ளும், மழை பெய்தால் தண்ணீர் ஜல்லிக்குள்ளேயே தங்கும், மரக்கட்டை ஸ்லீப்பர் உள்ளுக்குள் உளுத்துப் போகும். மேலே பார்த்தால் கட்டை நன்றாகத்தான் தெரியும், ஆணியைத் தட்டினால் கையோடு வரும். அதனால் மரம் வெட்டுவது, கால்வாய் தோண்டுவது, ஸ்லீப்பர் மாற்றுவது என்று யாரும் போட்டோ எடுக்காத வேலைதான் முதலில் மலைபோல நிற்கும். ஆறுதல் என்னவென்றால் சுற்றுலா ரயிலுக்கு வேகம் தேவையில்லை. அமெரிக்க விதிப்படி கிளாஸ் 1 பாதையில், அதாவது பயணிகள் ரயில் ஓடக்கூடியதில் கடைசித் தரப் பாதையில், ரயில் மணிக்கு 15 மைல் வரை போகலாம், வேடிக்கை பார்க்க வருபவர்களுக்கு அதுவே தாராளம்.

முழுப் பாதையும் தயாராகும் வரை காத்திருக்கவும் வேண்டாம். கலிபோர்னியாவின் ஸ்கங்க் ட்ரெயின் பாதை ஃபோர்ட் பிராகிலிருந்து வில்லிட்ஸ் வரை 40 மைல். நடுவில் சுரங்கம் இடிந்து பாதை துண்டானபோது இரண்டு முனையிலிருந்தும் குட்டைப் பயணம் ஓட்டினார்கள், தண்டவாளத்தில் மிதித்துப் போகும் ரயில்பைக்கும் விட்டார்கள். ரயில்பைக்குக்கு டிரைவர் தேவையில்லை, பாய்லர் தேவையில்லை, கனமும் குறைவு. பெரிய ரயில் வரும் வரைக்கும் பாதையைச் சும்மா போடாமல் வைத்திருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எஞ்சின் செலவு தனிக் கதை. 1995இல் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் பக்கத்தில் ஒரு சுற்றுலா எஞ்சினின் பாய்லரில் தண்ணீர் குறைந்து, அதற்குள் நெருப்பு எரியும் அறையின் மேல்தகடு விட்டுப்போய், எஞ்சின் ஓட்டும் இடத்தில் இருந்தவர்கள் தீக்காயப்பட்டார்கள். அதற்குப் பிறகு விதிகளை மாற்றி எழுதினார்கள். இப்போது 1,472 ஓட்ட நாட்கள் அல்லது 15 வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது எஞ்சினைப் பிரித்துப் பாய்லர் முழுவதையும் சோதிக்க வேண்டும். சின்ன அமைப்பு எதற்கும் பெரிய அடி இது, ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

காசு எப்படி வரும் என்றால், ஸ்ட்ராஸ்பர்க் ரயில்வேயைப் பாருங்கள். அதுவும் பென்சில்வேனியாதான், மொத்தமே 4.5 மைல் பாதை. 1958இல் மூடப்போனதை ரயில் ரசிகர்கள் சிலர் பங்கு போட்டு வாங்கினார்கள், அடுத்த வருடமே பயணிகளை ஏற்றினார்கள். இன்றைக்கும் ஓடுகிறது, போய்த் திரும்ப முக்கால் மணி நேரம். அதோடு நிற்கவில்லை, சரக்கு வேகன்களும் இழுக்கிறார்கள், அவர்கள் பட்டறையில் வெளியார் எஞ்சின்களையும் சரிசெய்து கொடுக்கிறார்கள். டிக்கெட்டை மட்டும் நம்பினால் மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

ஈஸ்ட் பிராட் டாப்பும் 2011இல் மறுபடி நின்றுவிட்டது. 2020இல் ஒரு அறக்கட்டளை வாங்கியது. 1916இல் பால்ட்வின் தொழிற்சாலையில் செய்த 16ஆம் நம்பர் எஞ்சின், கோவல்சிக் காலத்துச் சுற்றுலாவில் ஒருநாளும் ஓடாதது, 1956க்குப் பிறகு 2023இல் மறுபடி ரயிலை இழுத்தது. தெற்குப் பக்கம் காட்டைவெட்டிப் பாதையை நீட்டும் வேலையில் இறங்கியிருக்கிறார்கள். ராக்ஹில் ஃபர்னஸில் இருக்கும் அவர்களுடைய பழைய பட்டறையைப் பற்றி இன்றைக்கு நான் பேசவே இல்லை, கூரையில் சுழலும் தண்டிலிருந்து பெல்ட் போட்டு எல்லா மெஷினையும் ஓட்டுவார்கள், அதற்குத் தனி வீடியோவே வேண்டும். அடுத்தது அதுதான். வருகிறேன்.