துருப்பிடித்த குண்டூசி
(இலங்கை மலையகத்து ஹட்டனில் வாசகர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பான வாசக நண்பர்களே,

இரத்தம் கொட்டாத துப்பறியும் நாவலுக்கு நம் மலையகம் நன்றாக வாய்த்த களம். மழைக்காலத்தில் ஒரு மண்சரிவு போதும். ரோடு அடைபட்டு, குற்றவாளி உட்பட எல்லோரும் ஒரே ஊருக்குள் அகப்பட்டுக்கொள்வார்கள்.

துப்பறிபவராகப் பழம்பொருள் கடைக்காரரை வையுங்கள். வீடு புகுந்து சோதனை போட அவருக்கு அதிகாரம் இல்லைதான். ஆனால் ஊர்ச் சாமான் தானாகவே அவர் மேசைக்கு வரும். "இது ஒங்களுக்கு எப்படிக் கெடைச்சது?" என்று அவர் கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அது அவர் தொழில்.

பலர் சறுக்குவது கடைசி அத்தியாயத்தில். கடைக்காரர் உள்ளுணர்வால் கண்டுபிடித்துவிடுகிறார்! வாசகருக்குச் செய்யும் துரோகம் அது. துப்பு பொருளிலேயே இருக்க வேண்டும், வாசகர் கண்ணில் முன்பே பட்டிருக்கவும் வேண்டும்.

ஒன்று கட்டிப் பார்ப்போம். கோவில் கணக்கு வைத்திருந்த பெரியவர் படியில் வழுக்கி இறந்துவிட்டார் என்று ஊர் நம்புகிறது. அந்த வாரமே, தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்து மேற்பார்த்த ஒரு பெரியகங்காணியின் பேரன் காகிதக் கட்டோடு வருகிறான். மாரியம்மன் கோவில் தூக்கு விளக்கு தன் பாட்டனிடம் கடனுக்கு ஈடாக வைத்தது என்கிறான். கட்டில் 1926ஆம் ஆண்டுத் 'துண்டு' ஒன்று, அதாவது தொழிலாளியின் கடனைக் குறித்த சீட்டு, இருக்கிறது. தொழிலாளியைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றிய அந்தக் கொடுமையான துண்டு முறை 1921இலேயே சட்டப்படி ஒழிந்துவிட்டது. சந்தேகப்பட இது போதும். நிரூபிக்கப் போதாது, எழுதியவர் வருஷத்தைப் பிழையாகப் போட்டார் என்று அவன் நழுவலாம்.

இனிக் காகிதம். நிஜப் பழந்தாள் காற்றுப் படும் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுக்கும். சாயத்தண்ணியில், அதாவது பால் சேர்க்காத தேநீரில், தோய்த்த தாளிலோ நடுவும் ஓரமும் ஒரே நிறம், மடிப்பில் மட்டும் சாயம் தேங்கிக் கருத்திருக்கும். 1950க்குப் பிந்திய வெள்ளைத் தாள் பெரும்பாலும், கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். ஆனால் சாயம் கெட்டியாக ஏறினால் ஒளிர்வு மங்கும், ஆகவே அதை மட்டும் நம்பாதீர்கள்.

எனக்குப் பிடித்த சாட்சி குண்டூசிதான். சாதாரணமாகத் துரு, தாளில் செம்பழுப்புக் கறை விடும். துருவூசி குத்திய தாளைச் சாயத்தில் ஊறவிட்டால், தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து ஊசியைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழும். பேரன் பழசாகத் தெரியட்டும் என்று தேடிக் குத்திய ஊசியே அவனைக் காட்டிக்கொடுக்கும்.

இந்த அறிவை முடிவில் பிரசங்கமாக வைக்காதீர்கள். இரண்டாம் அத்தியாயத்தில் கடைப் பையன் துருப்பிடித்த பூட்டின்மேல் சாயத்தண்ணி சிந்தட்டும். மறுநாள் அந்த இடம் கறுத்திருக்கும். "தொடச்சி வையிடா" என்று கடைக்காரர் வேறு வேலைக்குப் போய்விட வேண்டும். அதே பக்கத்தில் ஒரு வெள்ளிக் கரண்டி, நின்றுபோன கடிகாரம் என்று கண்ணை இழுக்கும் சாமான் இரண்டு வையுங்கள்.

கடைசிக் காட்சியில் அவர் குற்றம் சாட்டக்கூடத் தேவையில்லை. பேரன் எதிரில் வெள்ளைத் தாளொன்றில் துருவூசி குத்தி, சாயக் கோப்பையில் போட்டுவிட்டு, விளக்கின் விலையைப் பேச ஆரம்பிக்கட்டும்.